தாளில் எழும் வீடு

ஒரு தெருவில் புதிய வீடு ஒன்று எழும்பி நிற்கின்றது. வாயிலில் வாழைமரம் கட்டப்பட்டிருக்கின்றது; மாவிலைத் தோரணம் காற்றில் அசைகின்றது; உற்றாரும் உறவினரும் வந்து வாழ்த்துகின்றனர். வீட்டுக்காரர் மகிழ்ச்சி பொங்க ஒவ்வோர் அறையாக அவர்களை அழைத்துச் சென்று காட்டுகின்றார். ஆயின், அவர் எவருக்கும் காட்டாத ஒன்றும் அங்கே இருக்கின்றது. வீட்டின் பின்புறத்தில், மதிலோரமாக, ஆளுயரக் குவியல் ஒன்று கிடக்கின்றது. உடைந்த செங்கற்கள், துண்டுபட்ட தரை ஓடுகள், முழங்கை நீளக் கம்பிகள், மூட்டையிலேயே இறுகிக் கல்லாகிப்போன சிமெண்டு, ஆணி நிறைந்த பலகைகள், சுவரிலிருந்து கொத்தி எடுத்த பூச்சு ஆகிய யாவும் அக்குவியலில் கலந்து கிடக்கின்றன.

அக்குவியல் எவ்வாறு உண்டாயிற்று? “கொத்தனாரின் கவனக்குறைவு” என்பர் சிலர்; “சித்தாள்கள் கைதவறி உடைத்தவை” என்பர் வேறு சிலர். இவற்றில் ஓரளவு உண்மை உண்டு. கைதவறி உடைவதும், மழையில் நனைந்து கெடுவதும் எவ்வேலையிலும் நிகழக்கூடியனவே. ஆயினும், அக்குவியலில் ஒரு பெரும்பங்கு, கொத்தனார் கரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன்னரே பிறந்துவிட்டது. அது பிறந்த இடம் வரைபடத் தாள். அறையின் நீளம் இவ்வளவு, சன்னலின் அகலம் இவ்வளவு, சுவர் இன்ன பொருளால் ஆனது என்று முடிவு செய்த அந்நாளிலேயே, எத்தனை செங்கல் உடைபடும், எத்தனை கம்பி வீணாகும் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிட்டது.

குவியலின் விலை

மதிலோரத்துக் குவியல் வெறும் குப்பை அன்று. அதன் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. செங்கல் என்பது நிலத்தின் மேல்மண். சூளையில் வெந்தபின் அம்மண் மீண்டும் விளைநிலம் ஆவதில்லை. மணல் ஆற்றின் உடைமை. நீரைத் தன்னுள் தேக்கிக் கரையோரத்துக் கிணறுகளுக்கு ஊட்டும் இயல்புடையது. சல்லியோ பாறையை உடைத்து எடுப்பது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டு, அரைத்துப் பெறுவது சிமெண்டு. அவ்வெப்பத்தை உண்டாக்க நிலக்கரி முதலிய எரிபொருள்கள் எரிகின்றன. இவை அனைத்தும் ஒருவருக்கும் பயன்படாமல் மதிலோரத்தில் கிடக்கின்றன என்றால், நிலமும் ஆறும் மலையும் கொடுத்தவை வீணாயின என்பதே பொருள்.

வீட்டுக்காரர் அக்குவியலுக்காக மும்முறை பணம் செலுத்துகின்றார். பொருளை வாங்கும்பொழுது ஒருமுறை. அதனை வெட்டவும் உடைக்கவும் கூலியாக ஒருமுறை. உடைந்ததை வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்த இன்னொரு முறை. “வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது பழமொழி. வாழ்நாளில் ஒருமுறை வீடு கட்டும் குடும்பத்திற்கு இம்மூன்று செலவும் சிறிய சுமை அல்ல. பலர் கடன் வாங்கியே வீடு கட்டுகின்றனர். வீணான செங்கல்லுக்கும் சேர்த்தே அவர்கள் ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டுகின்றனர்.

வண்டியில் ஏறிய குவியல் எங்கே செல்கின்றது? பெரும்பாலும் ஊர்ப்புறத்துப் பள்ளங்களிலும், வாய்க்கால் ஓரங்களிலும், ஏரிக்கரைகளிலும் கொட்டப்படுகின்றது. ஏரியில் கொட்டப்பட்ட ஒவ்வொரு வண்டிச் சுமையும் அந்த அளவு நீருக்கு இடம் இல்லாமற் செய்கின்றது. சென்னையின் தென்பகுதியில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் மிகப் பரந்து கிடந்தது. மழைநீரைத் தாங்கி நகரைக் காக்கும் இயற்கைத் தொட்டி அது. கட்டடங்களும் குப்பைமேடும் அதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. எஞ்சிய பகுதி 2022ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில் கட்டடக் கழிவுகளுக்கெனத் தனி விதிகள் 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. அவற்றிற்கு மாற்றாக 2025ஆம் ஆண்டில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. இடிபாடுகளை நொறுக்கிச் சல்லியாகவும் மணலாகவும் மீண்டும் பயன்படுத்தும் ஆலைகளும் சில நகரங்களில் இயங்குகின்றன. இவை போற்றத்தக்க முயற்சிகளே. ஆயினும், நொறுக்கப்பட்ட கான்கிரீட்டிலிருந்து சல்லி கிடைக்குமேயன்றிச் சிமெண்டு திரும்பக் கிடைப்பதில்லை. அதனைச் சுடுவதற்குச் செலவான வெப்பமும் திரும்புவதில்லை. ஆதலால், பிறந்த கழிவைப் பக்குவப்படுத்துவதினும் கழிவு பிறவாமற் காப்பதே மேலானது. அதற்கு ஏற்ற காலம் வரைபடம் தீட்டும் காலமே.

அழிப்பானும் கடப்பாரையும்

தாளில் ஒரு சுவரை இடம் மாற்றுவதற்கு வேண்டுவன ஓர் அழிப்பானும் ஒரு பென்சிலும் மட்டுமே. அடித்தளம் தோண்டிய பின்னர் அதே சுவரை மாற்ற வேண்டுமாயின், தோண்டிய குழியைத் தூர்த்து வேறு குழி வெட்டல் வேண்டும். சுவர் எழும்பிய பின்னர் மாற்ற வேண்டுமாயின், கடப்பாரையைத் தேட வேண்டும். மேல்தளமும் போட்டு முடித்த பின்னரோ, அச்சுவரைத் தொடவே பொறியாளர் அஞ்சுவார். மாற்றம் ஒன்றே, காலம் செல்லச் செல்ல அதன் விலை ஏறிக்கொண்டே போகின்றது.

பலர் வரைபடத்தைப் பார்த்து வீட்டை மனத்தில் காண இயலாதவராய் இருக்கின்றனர். சுவர் இடுப்பளவு எழும்பிய பின்னரே, “இந்த அறை சிறியதாக இருக்கின்றதே!” என்று திகைக்கின்றனர். சன்னல் நிலை வைத்த பின்னரே, கட்டில் போட இடம் இல்லை என்பதை உணர்கின்றனர். இதற்கு எளிய வழி உண்டு. வீடு கட்டப்போகும் மனையிலேயே சுண்ணாம்புத் தூளால் அறைகளின் எல்லையை முழு அளவிற் கோடிட்டு, வீட்டார் அனைவரும் அதனுள் நடந்து பார்க்கலாம். அடுப்பங்கரையில் வேலை செய்பவர் அங்கே நின்று பார்க்கலாம்; படிக்கும் பிள்ளை தன் மேசைக்கு உரிய இடத்தைக் குறிக்கலாம்; முதியவர் தம் அறையிலிருந்து குளியலறைக்குச் செல்லும் வழியை நடந்து அறியலாம். ஒரு மாலைப்பொழுதில் சுண்ணாம்புக் கோட்டில் செய்யும் திருத்தம், பின்னர் இடிக்க வேண்டிய சுவரைக் கட்டாமலே தடுத்துவிடும்.

செங்கல் சொல்லும் அளவு

நல்ல வரைபடம் பொருளின் அளவை அறிந்து எழுதப்படும். இந்தியத் தர நிறுவனம் வகுத்த அளவுப்படி, ஒரு செங்கல்லின் நீளம் 19 சென்டிமீட்டர். அகலமும் உயரமும் 9 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர்க் கலவையைச் சேர்த்தால் சுவரில் அது 20 சென்டிமீட்டர் நீளமும், 10 சென்டிமீட்டர் அகலமும், 10 சென்டிமீட்டர் உயரமும் ஆகின்றது. எனவே ஒரு கன மீட்டர் சுவருக்கு 500 செங்கல் என்பது எளிய கணக்கு.

சன்னலுக்கும் சுவரின் மூலைக்கும் இடைப்பட்ட பகுதி 80 சென்டிமீட்டர் என்று வரைபடத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு வரிசைக்கு நான்கு செங்கற்கள் சரியாக அமையும். அடுத்த வரிசையில் இணைப்பு மாறி வருவதற்கு அரைச் செங்கல் வேண்டும். ஒரு செங்கல்லை இரண்டாக்கினால் இரு பாதியும் பயன்படும். அதே பகுதி 87 சென்டிமீட்டர் என்று எழுதப்பட்டிருந்தால் நிகழ்வது யாது? நான்கு செங்கற்களுக்குப் பின் 7 சென்டிமீட்டர் இடைவெளி எஞ்சும். அதனை நிரப்பக் கொத்தனார் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு செங்கல்லை உடைத்தே ஆக வேண்டும். 3 மீட்டர் உயரமுள்ள சுவரில் 30 வரிசைகள் உண்டு. கொத்தனார் எவ்வளவு கைதேர்ந்தவராயினும் அத்துண்டுகள் பிறந்தே தீரும். குற்றம் அவருடையது அன்று. 87 என்று எழுதிய பேனாவினுடையது.

தரை ஓட்டிலும் இவ்வாறே. 60 சென்டிமீட்டர்ச் சதுர ஓடுகளைப் பதிக்கும் ஓர் அறையின் நீளம் 4.20 மீட்டர், அகலம் 3.95 மீட்டர் என்க. அகலவாட்டில் ஆறு முழு ஓடுகள் 3.60 மீட்டரை நிரப்பும். எஞ்சிய 35 சென்டிமீட்டருக்கு ஓட்டை வெட்ட வேண்டும். ஓர் ஓட்டிலிருந்து 35 சென்டிமீட்டர்த் துண்டு ஒன்றுதான் கிடைக்கும். 25 சென்டிமீட்டர்த் துண்டு வீணாகும். ஏழு வரிசைக்கும் சேர்த்து 49 ஓடுகள் வேண்டும். அறையின் அகலத்தை 3.90 மீட்டர் என்று ஐந்தே சென்டிமீட்டர் குறைத்தால், எஞ்சுவது 30 சென்டிமீட்டர்; ஓர் ஓட்டை இரண்டாக வெட்டினால் இரு பாதியும் பயன்படும். அப்பொழுது 46 ஓடுகளே போதும். ஐந்து சென்டிமீட்டர் என்பது இரண்டு விரற்கடை அளவுதான். அக்குறையை அறையில் வாழ்வோர் உணரப்போவதில்லை. ஆயினும் மூன்று ஓடுகள் மிஞ்சுகின்றன.

கம்பியைக் காண்போம். முறுக்குக் கம்பிகள் பெரும்பாலும் 12 மீட்டர் நீளமாகவே கடைக்கு வருகின்றன. உத்தரத்திற்கு 4 மீட்டர்த் துண்டுகள் வேண்டுமாயின், ஒரு கம்பியில் மூன்று துண்டுகள் எஞ்சாமற் கிடைக்கும். 4.20 மீட்டர் வேண்டுமாயின் இரண்டு துண்டுகளே கிடைக்கும், 3.60 மீட்டர் எஞ்சும். அவ்வெச்சத்தைக் கட்டடத்தின் வேறோர் இடத்தில் பொருத்துமாறு முன்னரே வெட்டுப் பட்டியல் எழுதிவைத்தால் அதுவும் வீணாகாது. பட்டியல் இன்றிக் கண்டபடி வெட்டினால், துண்டுக் கம்பிகள் எடைக்கு எடை பழைய இரும்புக் கடைக்குச் செல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சிக்கனம் என்பது கட்டடத்தின் வலிமையைக் குறைப்பது அன்று. கம்பியின் பருமனையும் எண்ணிக்கையையும், தூணின் அளவையும் கணக்கிட்டு உரைக்கும் பொறுப்பு பொறியாளருடையது. வலிமைக்கு வேண்டியதைக் குறைத்துவிட்டால், கட்டடம் முழுவதுமே ஒருநாள் இடிபாடு ஆகிவிடும். அதனினும் பெரிய வீண்செலவு வேறொன்றில்லை.

செங்கற்களின் அளவு சூளைக்குச் சூளை சற்று வேறுபடுவதும் உண்டு. ஆதலால், வரைபடம் எழுதுபவர் அவ்வூரில் கிடைக்கும் செங்கல்லையும் ஓட்டையும் முதலில் அளந்தறிதல் நலம். பொருளின் அளவிலிருந்து கட்டடத்தின் அளவைப் பெறும் இம்முறை புதியது அன்று. 175 ஆண்டுகளுக்கு முன்னரே உலகம் வியக்க அதனைச் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு.

பளிங்கு மாளிகை

1851ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பன்னாட்டுத் தொழிற் பொருட்காட்சி ஒன்று நடைபெறுவதாக இருந்தது. அதற்கு ஐடு பூங்காவில் மிகப்பெரிய மண்டபம் ஒன்று வேண்டியிருந்தது. காட்சி முடிந்ததும் பூங்காவை விட்டு அகற்றப்பட வேண்டிய மண்டபம் அது. அதற்கெனக் குழுவினர் முதலில் தீட்டிய திட்டமோ ஒரு கோடிக்கும் மேற்பட்ட செங்கற்களை விழுங்கக்கூடியதாய் இருந்தது. சில திங்கள் நிற்பதற்காக அத்தனை செங்கற்களை அடுக்கிப் பின்னர் இடிப்பதா என்ற கேள்வி எழுந்தது.

அந்நேரத்தில் சோசப்பு பாக்சுடன் என்பவர் புதியதொரு திட்டத்துடன் வந்தார். அவர் தோட்டக்கலை வல்லுநர். செடிகளுக்குக் கண்ணாடி வீடுகள் கட்டிப் பழகியவர். அவர் மண்டபத்தின் தோற்றத்தை எண்ணுவதற்கு முன் கண்ணாடியின் அளவை எண்ணினார். 49 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் உள்ள கண்ணாடிப் பலகை அதன் கூரைக்கு அடிப்படை அளவாக அமைந்தது. தூண்கள் 24 அடி என்னும் அளவைத் தழுவியே நிறுத்தப்பட்டன. மண்டபத்தின் நீளம் 1,848 அடி. 24ஐ 77ஆல் பெருக்கினால் கிடைக்கும் எண் அது. அகலம் 408 அடி. 24இன் 17 மடங்கு. ஏறத்தாழ மூன்று இலட்சம் கண்ணாடிப் பலகைகளும், ஒரே அச்சில் வார்த்த இரும்புத் தூண்களும் உத்தரங்களும் ஆலைகளில் உருவாகி வந்தன. கட்டுமிடத்தில் அவற்றை வெட்டவும் தட்டவும் வேண்டிய தேவை மிகக் குறைவு, பொருத்துவதே வேலை.

வேலை நடந்த இடத்தைச் சுற்றி மரப்பலகைகளால் வேலி அமைக்கப்பட்டிருந்தது. வேலை முடிந்தபின் வேலிப் பலகைகள் பொதுவாக விறகாகும். அம்மண்டபத்திலோ அவையே தரைப் பலகைகளாக அமைந்தன. பூங்காவில் ஓங்கி நின்ற எல்ம் மரங்களையும் வெட்டவில்லை. நடுவே வளைகூரை ஒன்றை உயர்த்தி அம்மரங்களைக் கட்டடத்திற்குள்ளேயே நிற்கவிட்டனர். 1851 மே முதல் நாளில் காட்சி திறக்கப்பட்டது. மக்கள் அம்மண்டபத்தைப் பளிங்கு மாளிகை என்று போற்றினர்.

காட்சி முடிந்தது. மாளிகை இடிக்கப்படவில்லை; கழற்றப்பட்டது. பொருத்திய பகுதிகள் ஆதலின் அவற்றைப் பிரிக்க முடிந்தது. அவற்றைக் கொண்டே இலண்டனுக்குத் தெற்கே சிடன்காம் என்னும் இடத்தில் மேலும் பெரியதாக அம்மாளிகை எழுப்பப்பட்டு, 1854ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டில் தீக்கிரையாகும் வரையில், எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கே நின்றது. கட்டும்பொழுதே கழற்றுவதையும் எண்ணிய அறிவின் பயன் அது.

சிட்னியின் ஓடுகள்

முன்கூட்டி எண்ணாமையால் வரும் இழப்பிற்கும், எண்ணியதால் வரும் நன்மைக்கும் ஒருங்கே சான்றாக நிற்கும் கட்டடம் ஒன்று ஆசுத்திரேலியாவில் உள்ளது. சிட்னித் துறைமுகத்தில், காற்றில் விரிந்த பாய்களைப் போல வெண்ணிற ஓடுகள் உயர்ந்து நிற்கும் இசைநாடக அரங்கம் அது. அதற்கென நடந்த போட்டியில் தென்மார்க்கு நாட்டுக் கட்டடக் கலைஞரான யோர்ன் உட்சன் என்பவரின் திட்டம் 1957ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அழகில் அதற்கு இணையில்லை. ஆனால் அந்த ஓடுகளை எவ்வாறு கட்டுவது என்பதற்கு அப்பொழுது விடை இல்லை.

விடை காணும் வரையில் காத்திருக்க அரசு விரும்பவில்லை. 1959ஆம் ஆண்டில் அடித்தள வேலை தொடங்கிவிட்டது. மேலே வரப்போகும் கூரையின் எடை எவ்வளவு என்று அறியாமலே கீழே தூண்கள் எழுந்தன. பின்னர் கூரையின் வடிவம் முடிவானபொழுது, அத்தூண்கள் அதனைத் தாங்கும் வலிமை உடையன அல்ல என்பது தெரிந்தது. கட்டிய தூண்களை உடைத்தெடுத்து மீண்டும் வலுவாகக் கட்ட வேண்டியதாயிற்று. கால் எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டும் என்பதைத் தலைதான் சொல்ல வேண்டும். தலை உருவாகு முன்னரே காலைச் செய்ததால் வந்த இழப்பு அது.

ஓடுகளின் சிக்கலுக்கு 1961ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. முதலில் ஒவ்வோர் ஓடும் ஒவ்வொரு வளைவாக இருந்தது. அவ்வாறாயின் ஒவ்வொன்றின் உறுப்புகளுக்கும் வெவ்வேறு அச்சுகள் செய்து, ஒருமுறை வார்த்தபின் எறிய வேண்டியிருக்கும். எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டியெடுத்த பகுதிகளாக அமைக்கலாம் என்பதே புதிய தீர்வு. ஆரஞ்சுப் பழத்தின் தோலைப் பெரிதும் சிறிதுமாக எவ்வாறு நறுக்கினாலும், எல்லாத் துண்டுகளுக்கும் வளைவு ஒன்றுதானே! அவ்வாறே, ஏறத்தாழ 75 மீட்டர் ஆரமுள்ள ஒரு கோளத்திலிருந்து எல்லா ஓடுகளும் பிறந்தன. வளைவு ஒன்றாகவே, ஒரே வகை அச்சுகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தி 2,194 கான்கிரீட் உறுப்புகளை வார்க்க முடிந்தது.

அரங்கம் 1973ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. 70 இலட்சம் ஆசுத்திரேலிய டாலர் என்று தொடக்கத்தில் மதிப்பிடப்பட்ட செலவு, முடிவில் 10 கோடியே 20 இலட்சம் டாலர் ஆயிற்று. இதற்குக் காரணங்கள் பல. வரைபடம் முதிர்வதற்கு முன்னரே வேலையைத் தொடங்கியது அவற்றுள் ஒன்று. உலகப் புகழ்பெற்ற கலைஞருக்கும் செல்வம் மிக்க அரசுக்குமே அவசரம் இத்தகைய இழப்பைத் தந்ததென்றால், சிறிய வீடு கட்டும் எளிய குடும்பம் எத்துணை விழிப்பாய் இருத்தல் வேண்டும்!

திருவனந்தபுரத்துச் செங்கல்

எளிய குடும்பங்களின் வீடுகளைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் எண்ணிய கட்டடக் கலைஞர் ஒருவர் தமிழகத்திற்கு அண்மையிலேயே வாழ்ந்தார். அவர் பெயர் லாரி பேக்கர். 1917ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்த அவர், 1945ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்து தொழுநோயாளர்களுக்கான பணியில் ஈடுபட்டார். காந்தியடிகளைச் சந்திக்கும் பேறும் அவருக்குக் கிடைத்தது. ஐந்து மைல் தொலைவிற்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டுதல் வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் தங்கி, எண்ணற்ற வீடுகளையும் பொதுக் கட்டடங்களையும் அவர் அமைத்தார்.

ஒரு பொருளை எவ்வாறு வெட்டுவது என்று கேட்பதற்கு முன், “இப்பொருள் இங்கே வேண்டுமா?” என்று கேட்பது பேக்கரின் வழக்கம். சுவரின் உட்பகுதி முழுவதும் செங்கல்லாக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்று கண்டு, எலிப்பொறிக் கட்டு என்னும் முறையைப் பெரிதும் கையாண்டார். இம்முறையில் செங்கற்களைப் படுக்கை வாட்டில் வைக்காமல் விளிம்பின்மேல் நிறுத்தி, இடையே வெற்றிடம் அமையுமாறு அடுக்குவர். இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகின்றது. உள்ளிருக்கும் காற்று வெளி வெப்பத்தைத் தடுப்பதால் அறையும் குளிர்ச்சியாய் இருக்கின்றது.

மேல்தளத்தின் கான்கிரீட் முழுவதும் சுமையைத் தாங்குகின்றதா? தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டின் பங்கு சிறிது. எனவே கம்பிகளுக்கு இடையே, அடிப்பகுதியில், கான்கிரீட்டுக்கு மாற்றாக மங்களூர் ஓடுகளை வைத்துத் தளம் அமைத்தார். வேறு கட்டடங்களுக்கு உதவாதென ஒதுக்கிய ஓடுகளும் அங்கே பயன்பட்டன. நன்கு வெந்த செங்கற்சுவருக்குப் பூச்சு வேண்டுமா என்றும் கேட்டார். அவர் கட்டிய சுவர்கள் பல, பூச்சின்றியே செந்நிறத்துடன் அழகு தருகின்றன.

உள்ளூர் என்னும் இடத்தில் அவர் அமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்கள் குன்றின் சரிவிலேயே அமைந்துள்ளன. குன்றை வெட்டிச் சமமாக்கவில்லை. சரிவிற்கு ஏற்பக் கட்டடங்கள் ஏறியும் இறங்கியும் நிற்கின்றன. மரம் குறுக்கிட்டால் சுவர் வளைந்து சென்றது. பழைய வீடுகளை இடிக்குமிடத்தில் கிடைத்த கதவுகளும் சன்னல்களும் அவர் கட்டிய வீடுகளில் புதுவாழ்வு பெற்றன. 1990ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது அளித்துச் சிறப்பித்தது. 2007ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஆயினும், சிக்கனமும் அழகும் பகைப்பொருள்கள் அல்ல என்பதை அவர் எழுப்பிய கட்டடங்கள் இன்றும் உரைக்கின்றன.

முன்கூட்டி எண்ண வேண்டியவை

இக்கட்டடங்கள் கற்பிக்கும் பாடத்தை ஒரு சிறிய வீட்டிற்கும் பொருத்திக் காணலாம்.

முதலாவது, வீட்டில் வரவேண்டிய மின்குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும் வரைபடத்திலேயே இடம்பெறுதல் வேண்டும். பல வீடுகளில் சுவரைக் கட்டி முடித்த பின்னரே மின்பணியாளரை அழைக்கின்றனர். அவர் வந்து சுவரைக் கொத்துகின்றார். அடுத்துக் குழாய்ப் பணியாளர் வந்து வேறோர் இடத்தில் கொத்துகின்றார். கட்டியவரும் கூலி பெறுகின்றார். கொத்தியவரும் கூலி பெறுகின்றார். கொத்தியதை மூடிப் பூசியவரும் கூலி பெறுகின்றார். இம்மூவரும் வரைபடத்தின்முன் ஒருநாள் கூடி இருந்தால் இத்தனை இடர் இல்லை.

இரண்டாவது, வீடும் குடும்பத்தோடு வளரும் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். சில ஆண்டுகள் கழித்து மாடி கட்டும் எண்ணம் இருப்பின், அதற்குரிய அடித்தளத்தையும் படிக்கட்டின் இடத்தையும் இப்பொழுதே வகுத்தல் நலம். இல்லையேல், மாடி ஏறுவதற்காகக் கீழ்வீட்டின் ஒரு பகுதியை இடிக்க நேரும்.

மூன்றாவது, கட்டுவதோடு கழற்றுவதையும் எண்ணுதல் வேண்டும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழஞ்சுவரைப் பிரித்தால் செங்கற்கள் பெரும்பாலும் முழுமையாகக் கிடைக்கும். சிமெண்டுக் கலவையால் கட்டிய சுவரை இடித்தால் கலவையோடு சேர்ந்து செங்கல்லும் நொறுங்கும். ஆணியால் இறுக்கிய பலகை கழற்றும்பொழுது பிளக்கும். திருகாணியால் பொருத்திய பலகை பிளவாமல் வரும். செட்டிநாட்டுப் பழைய மாளிகைகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைபோவதற்குக் காரணம், மரத்தின் தரமும் அவற்றைச் சிதையாமற் கழற்ற முடிவதுமே ஆகும்.

நான்காவது, வரைபடம் முடிந்தவுடன் அதனைக் கொண்டே பொருள்களின் பட்டியலை எழுதுதல் வேண்டும். எத்தனை செங்கல், எத்தனை மூட்டைச் சிமெண்டு, எந்த நாளில் எவ்வளவு என்று அறிந்து வாங்கினால், மழைக்காலத்தில் மூட்டைகள் கல்லாகும் இழப்பு நேராது.

“இவ்வளவு எண்ணிக்கொண்டிருந்தால் நல்ல நாள் தவறிப்போகுமே! வரைபடத்திற்கு இத்தனை செலவா?” என்று வினவுவோர் உண்டு. அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. வாடகை வீட்டில் இருப்பவருக்கு ஒவ்வொரு திங்களும் செலவே. செங்கல் விலையும் ஏறிக்கொண்டே போகின்றது. ஆயினும், தாளின்முன் கழித்த சில வாரங்கள் வீணான வாரங்கள் அல்ல. கட்டிய சுவரை இடித்து மீண்டும் கட்டுவதற்கும் வாரங்கள் வேண்டுமன்றோ? அவ்வாரங்களுக்கும் வாடகை உண்டு, கூலியும் உண்டு.

ஒவ்வொரு வகுப்பறையும் இவ்வுண்மைக்கு ஓர் எடுத்துக்காட்டாக அமைகின்றது. மாணவர்கள் ஓர் அளவுநாடாவை எடுத்துத் தம் வகுப்பறையை அளந்து பார்க்கலாம். சுவரின் நீளத்தில் எத்தனை செங்கற்கள் முழுமையாக அடங்கும், தரையில் எத்தனை கற்கள் வெட்டிப் பதிக்கப்பட்டுள்ளன, சன்னலின் அகலம் வேறாக இருந்திருப்பின் எவ்வளவு மிச்சப்பட்டிருக்கும் என்று கணக்கிடலாம். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவராலும் இக்கணக்கைச் செய்ய இயலும். அவ்வாறு கணக்கிட்டுப் பழகியவர் நாளை வீடு கட்டும்பொழுது, மேசையின்மேல் விரித்த வரைபடத்தில் மதிலோரத்துக் குவியலையும் சேர்த்தே காண்பார். கண்டவுடன், கையிலுள்ள பென்சிலால் அதனைச் சிறிதாக்குவார். அவருடைய வீட்டின் புதுமனை புகுவிழாவில், வந்தவர்கள் முற்றத்தையும் பார்க்கலாம், பின்புறத்தையும் பார்க்கலாம்.